வெளிக்காணியில் கட்டிய வீடு

எனக்குச் சீதனமாகத் தந்த காணி, பண்டத்தரிப்புக்குப் போகும் தெருவோரம், குடிமனைகள் முடிந்து புகையிலைத் தோட்டங்கள் தொடங்கும் வெளியில் இருந்தது. என் கணவர் மலாயாவில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் ஊரோடு வந்து சேர்ந்தார். வந்ததும், கட்டினால் அந்த வெளியில்தான் கல்வீடு கட்டுவது என்று நின்றார்.

நினைத்தவுடன் அத்திவாரம் வெட்ட முடியாது. வீட்டுப் படம் கீறிக் கிராமச் சங்கத்தில் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். தெருவின் நடுவிலிருந்து இத்தனை அடி தள்ளி வீடு, கிணற்றிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கக்கூசு, வெள்ளம் ஓடும் வழியில் சுவர் வரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. இவருக்கு அது பிடித்திருந்தது. மலாயாவில் கண்ட ஒழுங்கு இங்கேயும் வருகிறது என்று சொல்லிக்கொண்டே படத்தைத் திருத்துவார்.

எங்களுக்கு அடுத்த காணி தெருவோடு நீளமாகக் கிடந்த ஒடுங்கிய துண்டு. அதில் ஒரு குடும்பம் இருந்தது. குடும்ப வீட்டில் இடம் போதாமல், புகையிலைக் காவலுக்குப் போட்ட கொட்டிலுக்கு மண்சுவர் வைத்துக் குடிவந்தவர்கள். கணவன், மனைவி, ஒரு மகன், நடை பழகும் வயதில் ஒரு மகள். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் காணி பார்க்கப் போனால், செம்பில் மோரோடு வேலிக்கு வந்துவிடுவார்.

இடம் பார்த்து அனுமதி தரச் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். என் கணவர் அளவு நாடாவோடு கிணற்றடிக்குப் போய்விட, நானும் இன்ஸ்பெக்டரும் பூவரச நிழலில் நின்றோம். நல்ல மனிதர். சுற்றிப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார்.

“இந்த வெளியிலை தனிய இருக்கப் பயமில்லையோ, தங்கச்சி?”

“என்ன பயம், ஐயா? பக்கத்திலை ஆக்கள் இருக்கினம்தானே.”

“ஆர், அந்தக் கொட்டிலிலையோ? அது தோட்டக் காவலுக்கெண்டெல்லோ நினைச்சன்.”

“இல்லை, ஐயா. பிள்ளையளோடை குடும்பமாய் இருக்கினம்.”

அவர் வேலிப்பக்கம் நடந்து போனார். கொட்டிலின் தாழ்வாரத்துக்கும் தெருவுக்கும் இடையே இருந்த தூரத்தைக் காலால் அளந்தார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்களுக்கு அனுமதி கிடைத்தது. அக்கா வீட்டுக்கு, அனுமதி இல்லாமல் தெருவோரம் குடியிருப்பதால் கொட்டிலைப் பிரிக்கவேண்டும் என்று கட்டளை வந்தது.

“நீங்கள் ஒருக்கால் போய்க் கதைச்சால் என்ன?” என்று என் கணவரிடம் கேட்டேன்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே. நான் வேணுமெண்டால் அவைக்கு ஒரு படம் கீறிக் குடுக்கிறன்.”

சொன்னபடி கீறியும் கொடுத்தார். ஆனால் தெருவுக்கு விடவேண்டிய அடிகளை விட்டுப் பார்த்தால், அந்தத் துண்டில் மிஞ்சியது பின்பக்கத்துப் பள்ளம் மட்டும்தான். அவர்கள் வேறு வழியில்லாமல் கொட்டிலைப் பிரித்து அங்கே போட்டார்கள். அதற்கு முன், அவர்களைப் பழைய இடத்திலேயே இருக்கவிடும்படி கேட்க, நான் மட்டும் கிராமச் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை இருத்தித் தேநீர் தந்து, “உங்கடை வீட்டு வேலை எந்தளவிலை?” என்று விசாரித்தார். வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த மாரியில் பள்ளம் நிரம்பியது. ஒரு விடியற்காலை மண்சுவர் கரைந்து விழுந்துவிட, நாலு பேரும் நனைந்து நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சீமெந்து நிலம் அப்போதுதான் காய்ந்திருந்தது. பிள்ளைகளைத் துடைத்துப் படுக்க வைத்தபின், அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, அந்த இன்ஸ்பெக்டரிட்டை நான்தான் சொன்னனான்.”

“தெரியும் பிள்ளை. நான் வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் அடுப்பை ஊதினார். பிறகு, கோபமில்லாமல், விளங்காத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“தோட்டக் காவலுக்கெண்டு அவர்தானே சொன்னவர். ஓமெண்டு விட்டிருக்கலாமே?”

விட்டிருக்கலாம்தான். நான் உண்மையைச் சொன்னது சட்டத்தை நினைத்து அல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மழை விட்டதும் அவர்கள் வன்னிக்குப் போனார்கள். காடு வெட்டிக் குடியேறுபவர்களுக்கு அங்கே நிலம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார்களாம். எங்களோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னேன், வற்புறுத்தவில்லை. அவர்கள் வெளிக்கிட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருக்கிறது.

முதல் வருடமே சின்ன மகள் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று, அங்கிருந்து வந்த வண்டில்காரர் சொன்னார். செத்தவீட்டுக்குப் போகக் காலம் கடந்துவிட்டது. “நீ என்ன செய்யிறது? காய்ச்சல் எங்கைதான் இல்லை?” என்றார் என் கணவர். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருமுறை, யாரோ உறவினரின் கலியாணத்துக்கு வந்த அக்கா எங்கள் வீட்டுக்கும் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். அரிசி தட்டுப்பாடாக இருந்த நேரம். தங்கள் வயலில் விளைந்த நெல் ஒரு சிறு சாக்கில் கொண்டு வந்திருந்தார்.

“உங்கடை பிள்ளையளுக்குக் குடுங்கோ,” என்றார்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். மகனைப் பற்றிக் கேட்டேன், கணவனைப் பற்றிக் கேட்டேன், வயலைப் பற்றிக் கேட்டேன். மகளைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்தபோது, படலை வரை கூடப் போய், “கவனமாய்ப் போயிட்டு வாங்கோ, அக்கா,” என்று மட்டும் சொன்னேன்.