வெடிப்பின் மேல் கட்டிய கயிறு

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் பிறந்து, ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சிவனேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டமே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளை எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிறவள் வேறு எப்படி இருப்பாள்?

அப்படிப்பட்டவள், அந்தப் பெருமழைக்குப் பிறகு பேச்சடங்கிப் போனாள். மலை சரிந்து, பக்கத்து லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை மண்ணுக்குள் போனது. தப்பியவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினார்கள். கூரையில் தூறல் விழுந்தாலே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. முனி பிடித்துவிட்டதென்று பூசாரி அவள் கையில் காப்புக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றிக் கட்டினார். முகாமுக்கு வந்த டாக்டரோ 'ஆங்சைட்டி' என்றார்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், எல்லாரும் மிஞ்சியிருக்கும் பழைய லயத்துக்கே திரும்ப வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. அந்த லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சிவனேஸ்வரி போய்ச் சொன்னாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கையை உதறினார்.

"மலை நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் மனசு சரியில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மருந்தக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

உண்மையிலேயே தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் லயத்துப் பெண் சுலக்ஷனாவிடம் போனாள்.

"ஏம் புள்ள, அந்த வார்த்தைக்குப் பைத்தியம்னா அர்த்தம்?"

"இல்லக்கா. மனசுப் பதட்டம். லத்தீன்ல இருந்து வந்தது. கழுத்த நெரிக்கிறதுக்கு அங்க சொல்ற சொல்லு."

"எனக்கும் அப்படித்தானே செய்யுது."

"இன்னொண்ணு தெரியுமாக்கா? கோபத்துக்கு 'ஆங்கர்'னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒரே வேரு. ஆதியில அதுக்குத் துக்கம்னுதான் அர்த்தம்."

சிவனேஸ்வரி கையிலிருந்த காப்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நெரிக்கிற கை எதுன்னு காட்டிப்புடுவோம்" என்று எழுந்தாள்.

சுலக்ஷனாவையும் கூட்டிக்கொண்டு மலையேறி, கவ்வாத்தில் கழித்துப் போட்ட தேயிலைக் குச்சிகளில் இரண்டை வெடிப்பின் இரு பக்கமும் ஆழமாக அடித்தாள். காப்புக் கயிற்றை அவிழ்த்து நடுவே இழுத்துக் கட்டினாள். சாமி கயிறாயிற்றே என்று சுலக்ஷனா தயங்கினாள். "எல்லாரையும் காக்கட்டும்" என்றாள் சிவனேஸ்வரி.

மறுநாள் லயத்துக்குத் திரும்ப வேண்டும்; அன்றிரவு மழை கொட்டியது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"மேல வந்து ஒருக்கா பாருங்கய்யா. அதுக்கப்புறம்தான் வேலை."

பெண்கள் யாரும் கூடையைத் தொடவில்லை. கண்டாக்கையா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

ஒரு சாண் இருந்த வெடிப்பில் இப்போது ஆள் இறங்கலாம். அறுந்த கயிற்றின் முனைகள் இரண்டு குச்சியிலும் ஈரத்தோடு தொங்கின.

"யாரு அறுத்தது?"

"மலைதாங்க."

கண்டாக்கையா கீழே தெரிந்த லயத்துக் கூரைகளைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "சரி, இன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போக வேணாம்" என்றார்.

சிவனேஸ்வரிக்கு அப்போதும் நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

"என்னைக்குமே போகமாட்டோங்க. வேற எடம் கேளுங்க" என்றாள்.