எம்டன் பார்த்த விளக்கு

மகள் கொலுப்படிகளைச் சுற்றி சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மண்ணெண்ணெய் வாசனை வந்தது. இந்த சிட்னி வீட்டில் நாங்கள் மண்ணெண்ணெய் வாங்கியதே இல்லை.

எழுபதுகளில், இதே சிட்னியில் கூஜி கடற்கரையைப் பார்த்த எங்கள் ஃபிளாட்டில் அம்மா கொலு வைப்பாள். ஒரு வருடம் மெட்ராஸிலிருந்து வந்திருந்த சின்னத் தாத்தா, இருட்டியதும் ஜன்னலோரக் குத்துவிளக்கை அணைத்துவிடுவார். அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு நவராத்திரியில் மாடி ஜன்னலில் கொலு விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டாராம். அன்று இரவுதான் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸைச் சுட்டது. துறைமுகத்து மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

“என் விளக்கைப் பார்த்துத்தான் வந்தது, கண்ணு” என்பார்.

அப்பா ஒருநாள் எங்கள் எல்லோரையும் நகர நடுவிலிருக்கும் ஹைட் பார்க்குக்கு அழைத்துப்போனார். எம்டனின் பீரங்கி ஒன்று அங்கே கல்மேடைமேல் இருக்கிறது.

“பாருங்க சித்தப்பா, அந்தக் கப்பலை இந்த நாட்டுக் கப்பல் எப்பவோ அடிச்சு ஒழிச்சாச்சு. இனிமே விளக்கை அணைக்காதீங்க.”

தாத்தா பீரங்கியின் வாய்ப்பக்கம் போகவே இல்லை. “மண்ணெண்ணெய் வாசனை வருது, உனக்கு வரலையா?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு வரவில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே, யாருக்கும் தெரியாமல் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வந்திருந்தேன். திரும்பிவந்து கதவைத் திறந்ததும் வீடெங்கும் அந்த வாசனை. விளக்கில் நல்லெண்ணெய் நிறைய இருந்தது. திரி மட்டும் அணைந்திருந்தது.

தாத்தா என்னைத் திட்டவில்லை. குனிந்து, காதோடு கேட்டார். “பார்த்துடுச்சா?”

“அம்மா, ஸ்விட்ச் ஆன் பண்ணவா?” என்றாள் மகள்.

இந்த வீட்டு ஜன்னலிலிருந்து கடல் தெரியாது.

“முதல்ல திரையை இழுத்துவிடு” என்றேன்.