கரியப்பன் கேட்ட வெளிச்சம்

உண்மையைச் சொன்ன அன்றைக்கே உங்கள் வேலை போய்விடும் என்றால், நீங்கள் உண்மையைச் சொல்வீர்களா? அவசரப்படாதீர்கள். வீட்டு அடுப்பும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வந்தபிறகு சொல்லுங்கள். அப்போதும் "சொல்வேன்" என்பவர்களுக்கு மட்டும்தான் கரியப்பனைக் குறை சொல்லும் உரிமை உண்டு.

கரியப்பனுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருந்த ஜெகதீஷிடம் கார் ஓட்டினான். தமிழில் வண்டியை எடுத்து, தெலுங்கில் வழி கேட்டு, கன்னடத்தில் செக்போஸ்ட்காரரைச் சிரிக்க வைத்துவிட்டு வரக்கூடிய ஆள். முதலாளி அவனை மெச்சாத நாளில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் முதலாளி ஒரு கார் வாங்கினார். பழைய காலத்து வெள்ளைக்காரன் கார் மாதிரியே புதிதாகக் கட்டிய வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. நீண்ட மூக்கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே இறங்குவது கிணற்றில் இறங்குவது போலத்தான். முதலாளிக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கிளட்ச் மிதிக்க முடியாது. கரியப்பன் ஓட்டுவான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு வருவார். சாயங்காலமானால் பெங்களூருப் பயணம்.

அந்தச் சாயங்காலம்தான் கரியப்பனுக்கு எமன். பகலில் கழுகு மாதிரி பார்க்கிறவனுக்குப் பொழுது மங்கினால் ஓரங்களெல்லாம் அழிந்துபோகும். மூங்கில் குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். முன்பெல்லாம் பகல் ஓட்டம்தான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் அவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், பார்வை சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பெயர் மருத்துவச் சான்று!

கர்நாடக எல்லையில் அட்டிபெலே தாண்டி ஒருநாள் நடுத்தடுப்பில் சக்கரம் உரசியது. முதலாளி திரும்பிப் பார்த்தார். கரியப்பன் வாயில் முதலில் வந்த பொய் இதுதான்: "லைட்டு ரொம்பத் தணிவுல இருக்குதுங்க மொதலாளி. வெளிச்சம் தூரமா போகமாட்டேங்குது."

பொய்யென்றும் சொல்ல முடியாது. அவ்வளவு தாழ்வான வண்டியில் விளக்கும் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. முதலாளி உடனே நம்பினார். சிப்காட் சாலையில் எலக்ட்ரீசியன் கடை வைத்திருந்த ஜெபதுரையிடம் வண்டி போனது. நாகர்கோவில்காரர். தடித்த ஒயர் இழுத்து, ரிலே வைத்து, கூடுதல் வாட் பல்பு மாட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் கரியப்பன் உயிர் பிழைத்த மாதிரி இருந்தான். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, நடுவட்டம்தான் வெளுத்திருக்கிறது, ஓரத்து இருட்டு அப்படியே இருக்கிறது.

வீட்டில் ராஜலட்சுமி ஆட்டு ஈரல் சமைத்தாள், பொன்னாங்கண்ணி கடைந்தாள். அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். கல்லுக்குக் கண் கிடைத்தது, புருஷனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கரியப்பன் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தான். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, மருந்தில்லை என்றார் அவர். பிறகு, அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். சொந்தம்தான். கரியப்பனின் அம்மா தன் தாய்மாமனையே கட்டியவள். இரத்த உறவில் கட்டினால் இந்த மாதிரி நோய் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் விளக்கினார். ஊர் இதைச் சாமி குத்தம் என்றது. சாமி என்ன செய்தது? குடும்பத்து மாந்தோப்பு வெளியே போய்விடக் கூடாதென்று பெண்ணைப் பிடித்து மாமன் கையில் கொடுத்தது மனிதர்கள். தோப்பு உள்ளேயே நின்றுவிட்டது. பிள்ளையின் கண்தான் போனது.

வேறு வேலை தேடவில்லையா என்பீர்கள். தேடினான். முப்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங் தவிர எதையும் தொட்டறியாதவனை எந்தக் கம்பெனி எடுக்கும்? ஆகவே பழைய பொய்யை மறுபடியும் சொன்னான். முதலாளி இந்த முறை கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து நீல வெள்ளையில் எரியும் செனான் விளக்கையே வரவழைத்தார்.

ஜெபதுரை அதை மாட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். எதிரே வருகிறவன் கண் கூசாமல் வெளிச்சத்தைத் தாழ்த்தி வைக்கச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். இன்னும் ஏற்றுங்கள், இன்னும் ஏற்றுங்கள் என்று கெஞ்சினான் கரியப்பன். கோட்டைக் காட்டுகிறேன் என்று அவனே சுவரை நோக்கி நடந்தபோது, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த கிரீஸ் டிரம்மில் முட்டி விழுந்தான். அந்த டிரம் இடுப்புயரம், மஞ்சள் பெயின்ட்.

ஜெபதுரை விளக்கை அணைத்தார். "கரியப்பா, இது லைட்டுக்க கோளாறு இல்ல கேட்டியா. ஒனக்க கண்ணுக்க கோளாறு."

"அண்ணே, ஒங்க கால்ல விழறேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா எம் பொழப்பு போயிரும்."

"ஒனக்க பொழப்பு செரி. ரோட்டுல நடக்கவனுக்க பொழப்பு?"

கரியப்பன் அழுதான். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றான். வெளிச்சத்தை ஏற்றியே வைக்கச் சொன்னான். ஜெபதுரை திட்டிக்கொண்டே ஏற்றி வைத்தார். அழுகிறவன் முன்னால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

நாளைக்கு என்றவன் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் முதலாளியோடு பெங்களூருக்குக் கிளம்பினான். ஜூஜூவாடி அருகே கம்பெனி விட்டுப் பெண்கள் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். கரியப்பனின் வட்டத்தில் சாலை மட்டும்தான் இருந்தது. "டேய்" என்று முதலாளி பாய்ந்து ஸ்டியரிங்கை இழுத்தார். இடப்பக்கக் கண்ணாடி ஒரு பெண்ணின் கைப்பையைப் பிய்த்துக்கொண்டு போனது. டிபன் டப்பா தார்ச்சாலையில் உருண்டது. ஒரு முழம் உள்ளே நடந்திருந்தால் உருண்டிருப்பது அவளாக இருக்கும்.

வண்டி நின்றது. செல்வம்மாள் என்ற அந்தப் பெண், மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெளக்க மட்டும் சூரியனாட்டம் மாட்டிக்கிட்டு வாரீகளே, கண்ண எங்கய்யா வச்சுட்டு வந்தீக?"

வசவுக்காகக் கேட்டது அது. கரியப்பன் அதற்குப் பதில் சொன்னான்.

"கண்ணு இல்லம்மா. பொழுது போனா எனக்குத் தெரியறதில்ல. ரெண்டு வருசமா தெரியறதில்ல."

அவள் கைப்பையைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கூட வந்தவள்தான் டப்பாவைப் பொறுக்கினாள். முதலாளி மெதுவாகக் கேட்டார்: "இத்தன நாளா என்னைப் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கிட்டா ஓட்டுன?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார், தொழிற்சாலைக்குப் போன் செய்து வேறு டிரைவரை வரவழைத்தார். கரியப்பன் அந்தப் பெண்களின் பின்னாலேயே, அவர்கள் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தான்.

தொழிற்சாலையில் பகல் வேலையாக எதையாவது கொடுங்கள், பாகங்களைத் துடைத்து அடுக்கவாவது கொடுங்கள் என்று ஜெபதுரை போய்க் கேட்டார். பகலில் மட்டும் வேலை செய்கிற ஆளை வைத்து என்ன செய்வது என்றார் ஜெகதீஷ். யோசிப்பதாகவும் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ராஜலட்சுமி பூப்பண்ணைக்கு ரோஜா வெட்டப் போகிறாள். கரியப்பன் பகலில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறான். பொழுது மங்கும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இன்னும் எத்தனை நாளைக்குப் பகல் தெரியும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

உங்கள் காரையோ, உங்கள் பிள்ளை போகும் பள்ளி வேனையோ, உங்கள் கம்பெனி பஸ்ஸையோ ஒருவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வாரமே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போவதற்கு முன்னால், என்ன தெரியவந்தாலும் வேறு வேலை கொடுப்பேன் என்று அவரிடம் வாக்குக் கொடுங்கள். வாக்கை முதலில் கொடுங்கள்; சோதனை பிறகு நடக்கட்டும்.