கறுப்பி வளர்த்த குட்டிகள்

எலியைத் தொடுவதற்கு முன் சுவர்ச்சலா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறாள். கையுறையைத் தேய்த்தால் சூடு எங்கே வரும் என்று கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் நிறுத்துவதில்லை. பிடரித் தோலைப் பற்றி எலியைத் திருப்பி, வயிற்றோரமாக விரல் நுனியால் தடவிக்கொண்டே போவாள். "கொஞ்சம் பொறுடி, முடிஞ்சிடுச்சு." கட்டி தட்டுப்பட்டால் முகம் மலரும், உடனே வாடும். எதற்காக மலர்ந்தோம் என்று அன்று முழுக்க யோசிப்பாள்.

ஹைதராபாத் ஆய்வகத்தின் எலிக்கூடத்தில் இது அவளுக்கு நான்காவது ஆண்டு. எலி பார்க்கிற நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை; வாசனைக்கு அவை மிரளும். மார்பகப் புற்றுநோய் தானாகவே வரும் பழுப்பு எலி வகை ஒன்றை வளர்த்து, கருஞ்சீரகச் சாறு கலந்த தீனி அதைத் தடுக்குமா என்று பார்க்கிறாள். மஹபூபாபாத் மிளகாய் மண்டியில் மூட்டை தைக்கும் அம்மாவுக்கு இதை விளக்கி முடிந்ததே இல்லை.

"எலிக்கு ஏதுடி மாரு?"

"இருக்கும்மா, பத்து."

"பத்தா! நாம ரெண்ட வெச்சுக்கிட்டே படாதபாடு படுறோம்." பிறகு அம்மாவின் குரல் தாழும். "நீ நோயக் குணமாக்குறியா, குடுக்குறியா? அத மட்டும் சொல்லு."

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

இந்த முறை சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி வந்தது. கருஞ்சீரகம் தின்றவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. கைடு வசுந்தரா மேடம் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார். "ஊருக்குப் போன் போடுடி. இனிமே நீ டாக்டர் சுவர்ச்சலா!"

எலிகளைப் பராமரிக்கும் ஐலய்யா அந்தக் கூண்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுங்க கறுப்பி வளத்த பசங்களாச்சே, அதான் கொழுகொழுன்னு இருக்குதுங்க."

"எந்தக் கறுப்பி, ஐலண்ணா?"

"போன கோடையில ஏசி நின்னுச்சில்ல? பெத்தவளுங்க திரும்பியே பாக்கல. பக்கத்துக் கூண்டுல அந்தக் கறுப்பு எலிக்குப் பால் இருந்துச்சு, அவகிட்ட விட்டுட்டேன். பச்சப் புள்ளைங்க, சாகட்டும்னு பாத்துக்கிட்டா நிக்கிறது?" துணியை நிறுத்தினார். "தப்பாம்மா?"

"இல்லண்ணா."

இந்தப் பழுப்பு வகைக்கு நோயின் கிருமி தாய்ப்பாலோடுதான் வருகிறது. வேறு வகையான கறுப்பு எலியின் பாலில் அது கிடையாது. அந்தக் குட்டிகள் எதைத் தின்றிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவற்றைக் கலைத்து இரண்டு தீனிக்கும் பிரிக்காமல், எல்லாவற்றையும் கருஞ்சீரகத் தீனியில் வைத்தவள் சுவர்ச்சலாதான்; அக்கா தங்கைகளைப் பிரிக்க மனம் வரவில்லை. எலிக்கு என்ன அக்கா, என்ன தங்கை? அப்போது அப்படித்தான் தோன்றியது.

அதன் பிறகும் வழக்கம்போல் தடவிப் பார்த்தாள். வழவழப்பான, நோயில்லாத வயிறுகள். சந்தோஷப்படுவதா, அழுவதா? சொன்னால் மறுபடி குட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஐலய்யாவுக்கு வேலை போகலாம். கேட்காமல் கூண்டு மாற்றியதற்கு முன்பு ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். சொல்லாவிட்டால், எங்கோ ஒருத்தி கருஞ்சீரகத்தை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவாள். அப்படி ஒருத்தி இருக்கிறாளா, அல்லது பயத்தில் நாமே அவளை உண்டாக்கிக்கொண்டோமா என்பதும் விளங்கவில்லை.

கட்டுரையை அனுப்பும் நாளன்று மேடம் அறைக்குள் கூப்பிட்டு, பூதரேகுலு ஒன்றை எடுத்து நீட்டினார். "மொதல்ல இனிப்பு, அப்புறம் அனுப்பலாம்."

வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. மெல்லிய இனிப்பு விரல்களுக்குள் நொறுங்கியது.

"மேடம், அத அனுப்ப வேணாம்."

"ஏண்டி? என்ன ஆச்சு?"

திறந்திருந்த கதவு வழியே நடைவழி தெரிந்தது. அங்கே ஐலய்யா குழாயடியில் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர்ச்சலா எழுந்து போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.