ஹாலில் வைத்த அடுப்படி சுவிட்ச்

அன்றைக்கு அடுப்படியில் அப்பா இருந்தார். அம்மாவின் தம்பியான என் மாமா இருந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பியாகும் சித்தப்பா ஸ்டூலின் மேல் நின்றார். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். திருச்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் இருந்தேன். அம்மா இல்லை. அந்த அடுப்படியில் தினமும் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். அந்த நேரத்தில் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேல் கப்போர்டுக்கு அடியில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட் ஒட்டுவது வேலை. எங்கே ஒட்டுவது என்று நாலு ஆண்கள் நின்று யோசித்தோம்.

"பின்னாடி சொவரோரமா ஒட்டுனா டைல்ஸ் பளபளன்னு இருக்கும் மச்சான்," என்றார் மாமா.

"அப்ப அங்கிட்டே ஒட்டிரு தம்பி," என்றார் அப்பா.

"சுவிட்சு எங்கண்ணே?"

"ஹாலுல வையி. நாலு பேரு வந்தா ஒக்காந்த எடத்துலருந்தே போட்டுக் காட்டலாம்."

எனக்கு விவரம் தெரியும். அந்த லைட் பட்டையைக் கப்போர்டின் முன் விளிம்பில் ஒட்டினால்தான் வெளிச்சம் மேடையில் விழும் என்று படித்திருந்தேன். சொல்லவும் செய்தேன். சித்தப்பா ஸ்டூலில் நின்றபடியே குனிந்து பார்த்தார்.

"ஏப்பா இஞ்சினியரு, ஒங்க காலேசுல ஸ்டூலு புடிக்கச் சொல்லிக் குடுத்தாகளா? ஆடுதுல்ல, ஒழுங்காப் புடி."

மூவரும் சிரித்தார்கள். நான் ஸ்டூலைப் பிடித்தேன். இதை எழுதும்போதுகூட என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த விளக்கு எதற்காக வந்தது என்பதை அந்த மூவரும் மறந்துவிட்டார்கள். அதனால் இங்கே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் முன்பு வரைக்கும் எங்கள் அடுப்படியில் மேல் கப்போர்டு கிடையாது. மாமா தன் வீட்டில் மாட்டினார். பிறகு அப்பாவும், திருக்கோகர்ணத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து, மேடைக்கு மேலே சுவரின் முழு நீளத்துக்கும் மாட்டினார். மேடைக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் பாதி மறைந்தது. டியூப் லைட்டோ எதிர்ச் சுவரில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால். முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மா தரையில் உட்காருவதில்லை. அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி, மேடையில் வைத்து, நின்றுகொண்டே கல் பொறுக்குவாள். கப்போர்டு வந்த பிறகு அந்தத் தாம்பாளம் முழுக்க அவளுடைய தலை நிழல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அவர் பல்லில் ஒரு கல் கடிபட்டது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேட்க வந்து ஹாலில் நின்றிருந்தார்.

"என்னக்கா, அரிசியில கல்லா, கல்லுல அரிசியா?" என்றார் மாமா. அதோடு விட்டிருக்கலாம். "கண்ணு தெரியலன்னா சொல்லிரு. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கும் இப்புடித்தான் போடுறியா?"

அப்பா சிரித்தார். அம்மா வேறு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

அந்த வாரத்திலேயே பேச்சு சத்துணவு அமைப்பாளர் வரைக்கும் போய்விட்டது. அவர் நல்ல மாதிரி. வீட்டுக்கே வந்து தணிந்த குரலில்தான் சொன்னார்.

"அக்கா, நான் ஒண்ணும் நெனைக்கல. ஆனா பேச்சு வந்துருச்சு. ஹெட்மாஸ்டர் காதுக்குப் போறதுக்குள்ள கண்ணு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் அரிசிய நான் பாத்துக்கிறேன், நீங்க பாத்திரத்தப் பாருங்க."

பதினெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் அரிசி பார்த்தவள் அம்மா. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தும், அதற்குப் பிறகு வந்த டிப்ளமாவும், அம்மாவின் அந்தச் சம்பளத்தில் வந்தவை. அவளைப் பாத்திரம் கழுவ அனுப்பியதற்குக் காரணம் ஒரு கப்போர்டும், சோறு தின்றுகொண்டே ஒரு ஆள் அடித்த நையாண்டியும். வேலையே போய்விடுமோ என்று அம்மா வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நின்று சோதித்தேன். டார்ச்சை அவளுக்கு முன்னால் நீட்டினால் கடுகளவு கல்லையும் எடுத்தாள். பின்னால் கொண்டுபோனால் தடவினாள். கோளாறு வெளிச்சத்தில் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் விளக்கினேன். "அவ்வளவுதானே, சித்தப்பன வரச் சொல்லுவோம்," என்றார். அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் அடுப்படியில் கூடினோம்.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வீட்டு வேலைக்கு இன்னொருத்தர் கூலி வாங்கமாட்டார். வாங்கினால் உறவு அறுந்த மாதிரி. நாட்டுக்கோழி அடித்துச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூலி வாங்காதவரிடம் குற்றம் சொல்லக்கூடாது என்பதும் அந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளை வெளிச்சம் தரும் பட்டை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். சித்தப்பா திருவிழாப் பந்தலுக்கு வாங்கி மிச்சமான கலர் பட்டையைக் கொண்டுவந்தார். ரிமோட் வைத்து நிறம் மாற்றலாம். "இதுக்கும் காசு வேணாம்ணே," என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அம்மா மூன்று மணிக்கு வந்தாள். வந்ததும் கோழியை உரித்துக் கையில் கொடுத்தார்கள். அவள் மேடையில் வெட்ட ஆரம்பிக்க, அப்பா ஹாலில் உட்கார்ந்தபடியே சுவிட்சைப் போட்டார். சுவரோரத்து டைல்ஸ் நீலமாகப் பளபளத்தது. மேடையின் முன்பக்கம், அம்மாவின் கையும் கத்தியும் இருந்த இடம், அப்படியே இருட்டாகக் கிடந்தது.

"பச்ச வையி மச்சான்," என்றது மாமாவின் குரல். பச்சை வந்தது. "ரோசு?" ரோஸ் வந்தது.

கோழி அடுப்பில் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. மறுபடி பச்சை வந்தபோது அம்மா குழம்பைக் கரண்டியில் மொண்டு பார்த்தாள். "மஞ்சப் பொடி போட்டேனா இல்லியான்னே தெரியல. கொழம்பு பச்சையா இருக்கு. அத அமத்துங்க, கண்ணு கூசுது."

"பாத்தீகளா மச்சான்?" என்றார் மாமா. "நாந்தான் சொன்னேன்ல. கோளாறு கண்ணுலதான்."

கத்தி அம்மாவின் பக்கத்தில் மேடையில் கிடந்தது. நல்லவேளை, என் கையில் இல்லை. அந்தக் கோழி முழுவதும் வேகும்வரை நான் பக்கத்தில் நின்று போன் டார்ச்சைப் பிடித்தேன். விளக்கு மாட்டியவருக்கான விருந்தை டார்ச் வெளிச்சத்தில் சமைத்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

சித்தப்பா நன்றாகச் சாப்பிட்டார். போகும்போது, "மதினி கைப்பக்குவம் மட்டும் மாறவே இல்லண்ணே," என்றார். கண்ணைப் பற்றி ஊருக்கே சந்தேகம் வந்த பிறகு கைக்கு ஒரு சான்றிதழ்!

அடுத்த நாட்களில் நடந்தது இன்னும் மோசம். யாராவது வந்தால் அப்பா விளக்கைப் போடுவார். அவர்கள் செருப்பை மாட்டியதும் அணைப்பார், கரண்ட் பில் ஏறுமாம். காலையில் அம்மா சமைக்கும்போது சுவிட்ச் போட வேண்டுமென்றால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போக வேண்டும். அங்கே அப்பா தூங்குவார். போட்டாலும் டைல்ஸ்தான் தெரியும். நாலாம் நாள் குக்கர் ஆவியில் பட்டையின் ஒரு முனை கழன்று தொங்கியது.

சனிக்கிழமை நான் அம்மாவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். எழுத்துக்குப் பதிலாக வடிவங்களைக் காட்டிக் கேட்டு, மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கும்மா வந்தீங்க?"

"அரிசியில கல்லு தெரியலன்னு சொல்றாக."

"எங்க நின்னு பாப்பீங்க?"

அம்மா கையாலேயே காட்டினாள். "மேல கப்போர்டு. பின்னாடி லைட்டு. என் தலதான் மறைக்கும்."

"அப்ப லைட்ட மாத்துங்க. கண்ண ஏன் மாத்தணும்?" என்று சொல்லிவிட்டு, பார்வை சரியாக இருக்கிறது, போட்டிருக்கும் பழைய கண்ணாடியே போதும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு தெளிவாச் சொல்றியே, இத ஏம்மா வீட்டுல சொல்லல?"

"கப்போர்டு மாட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி."

"பெறகு?"

"எவுக கேட்டாக?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ கேட்டியா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. டார்ச் பிடித்தேன், நிழலைக் கண்டுபிடித்தேன், அப்பாவிடம் போய் விளக்கினேன். லீவு போட்டு வேலை வைத்த நாளும் அம்மா வீட்டில் இல்லாத நாள்தான். விளக்கை எங்கே வைக்கலாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று, இவ்வளவு படித்தும், எனக்குத் தோன்றவில்லை. அப்பா, மாமா, சித்தப்பா பேரில் எனக்கு இருக்கிற கோபத்தில் கால்வாசியாவது என் பங்குக்கு வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கீரனூரிலிருந்து கூலிக்கு ஒரு எலக்ட்ரீசியனை வரச் சொன்னேன். அப்பா வாசலிலேயே நின்று கத்தினார்.

"சொந்தக்காரன் செஞ்சத அசலான வச்சுப் பிரிப்பியா? தம்பி மூஞ்சியில நான் எப்புடிடா முழிப்பேன்?"

"அம்மா மூஞ்சியில முழிக்கிறீங்கள்லப்பா? அது மாதிரிதான்."

அப்பா என்னை அடிக்காத குறைதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பேசின பேச்சு சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவும் மனமில்லை.

எலக்ட்ரீசியன் பையைத் திறந்து, "எங்க ஒட்டணும்?" என்றார். "அம்மா சொல்லுவாங்க," என்றேன். அம்மா என்னிடம் பென்சிலை வாங்கினாள். தாம்பாளத்தை மேடையில் வைத்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, நேராக மேலே கப்போர்டின் முன் விளிம்பில் ஒரு கோடு போட்டாள். அடுப்புக்கு இடது பக்கம், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், சுவிட்சுக்கு இன்னொரு கோடு. "இங்கிட்டுத் தண்ணி படாது," என்றாள். அவர் அடிப்பாகத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுத்தார், அலுமினியச் சட்டத்தை ஸ்குரூ போட்டு முடுக்கினார், வெள்ளைப் பட்டையை அதற்குள் வைத்து மூடினார். ஹால் சுவிட்சைக் கழற்றி ஓட்டையைப் பூசினார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அமைப்பாளர் சீட்டைப் படித்துவிட்டு, "அக்கா, இன்னைக்கே அரிசிப் பக்கம் போயிருங்க," என்றாராம். வேலை நிலைத்தது. ஆனால் பேச்சு நிலைக்கக்கூடாதே. நான் மாமாவுக்குப் போன் செய்து, பக்கத்து வீட்டு அக்கா முன்னால் சொன்னதை அவர் முன்னாலேயே மாற்றிச் சொல்லச் சொன்னேன்.

"அடேய், வெளையாட்டுக்குச் சொன்னதுடா. ஒங்காத்தாளுக்குக் கண்ணு நல்லாருக்குன்னு வீடு வீடாப் போயித் தமுக்கடிக்கவா?"

"ஒரு வீடு போதும் மாமா."

வைத்துவிட்டார். வரவும் இல்லை.

அம்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை தருவதாகப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அடுப்படிக்குள்ளேயே அழைத்துப்போனாள். சுவிட்சைப் போட்டாள். தாம்பாளத்தில் அவள் பார்த்து முடித்திருந்த ரேஷன் அரிசி அவ்வளவும் தெரிந்தது.

"கொஞ்சம் பாத்துச் சொல்லு. கல்லு கெடக்கா?"

அந்த அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார், பிள்ளைகள் சாப்பாடு அல்லவா. "ஒண்ணும் இல்லக்கா," என்றார். கொஞ்சம் தயங்கி, "வெளிச்சம் நல்லாருக்கு. எங்க வீட்டுலயும் இதே இருட்டுத்தான். எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

ஹாலில் இருந்த அப்பா காதைத் தீட்டிக்கொண்டது தெரிந்தது. நான் அவருக்கும் கேட்கும்படியாகவே, பட்டை, சட்டம், அடாப்டர், கூலி, பூச்சு, டாக்டர், பஸ், சித்தப்பாவுக்கு அடித்த நாட்டுக்கோழி உட்பட எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்: நாலாயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய்.