பிரானியின் ஆரஞ்சுச் சட்டை

"இடுப்பப் பிடிக்காதீங்கக்கா. பின்னாடி கம்பி இருக்குல்ல, அதப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிரானி வண்டியைக் கிளப்புவாள். நொந்தபுரியில் சந்தைக்குத் திரும்பும் முனையில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு ஓட்டுகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். பெண்கள் அவளுக்காகவே காத்திருந்து ஏறுவார்கள், இடுப்பைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார்கள். கம்பியைப் பிடிக்கச் சொன்னால் அவர்களுக்கு முகம் சுருங்குகிறது. "என்னடி புதுசாக் கூச்சம்?" என்று கேட்கிறார்கள்.

கூச்சமாவது மண்ணாவது! கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை. நாலு மாதம் வரை வயிறு தட்டையாகத்தான் கிடந்தது. நிஜமாகவே உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று நின்று பார்த்தாள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் திடீரென்று காற்சட்டைப் பொத்தான் சேர மறுத்தது. அன்றைக்குக் குளியலறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

ஸ்டாண்டில் மட்டும் மூச்சு விடவில்லை. வரிசைக்குத் தலைவர் தாவீ நல்ல மனிதர், தொல்லையே அதுதான். தெரிந்த மறுநிமிடம், "வீட்ல போய் உக்காரும்மா" என்று, ஸ்டாண்டில் வண்டி ஓட்ட உரிமை தரும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி வாங்கி, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். போன சட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிரானிக்கோ வண்டியும் அந்தச் சட்டையும்தான் உயிர். அதனால் தொளதொளவென்று பெரிய சட்டையாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தட்டுச் சோறா? டயரு தாங்குமா பிரானி?" என்பான் கூட ஓட்டும் வினாய்.

"உங்க வீட்டு அரிசியாடா? என் வயிறு, என் டயரு. நீ உன் வேலையப் பாரு."

நேற்று அந்த வினாயின் அம்மா இறந்துபோனாள். மழை நாளில் ஸ்டாண்டுக்கே கஞ்சி கொண்டுவந்து ஊற்றிய மனுஷி. போகாமல் இருக்க முடியுமா? அந்த ஊர் வழக்கப்படி, பிள்ளைத்தாய்ச்சி சாவுக்குப் போவதென்றால் வயிற்றின்மேல் ஒரு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஆவி அண்டாது. பிரானியும் குத்தியிருந்தாள், கறுப்புச் சட்டையின் உட்பக்கமாக.

புத்த கோயில் வாசல் வரை வந்தவளுக்குக் கால் நகரவில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் ஊக்கு ஆவியின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆவிக்குத் தெரிகிற மாதிரி குத்தினால் தாவீக்கும் தெரியும்.

"வாசல்லயே நின்னா எப்படி? வினாய் உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கான், உள்ள வா" என்று படியில் நின்று கூப்பிட்டார் தாவீ. ஸ்டாண்டே அவர் பின்னால் நின்றது.

"இதோ வரேண்ணே."

சட்டைக்குள் கையை விட்டு ஊக்கைக் கழற்றினாள். துணியை வயிற்றோடு ஒட்ட இழுத்துப் பிடித்தாள். எடுப்பாகத் தெரிந்த மேட்டின் நட்டநடுவில், எல்லாரும் பார்க்க, வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டு படியேறினாள்.