வாயால சொல்லு

அரசு அச்சிட்ட மழலையர் கல்விக் கையேடு ஒன்றின் பதினேழாம் பக்கத்தில் ஓர் ஆசிரியையைப் பற்றி இப்படிப் போட்டிருக்கிறது: “இவர் ஒவ்வொரு குழந்தையின் முகக்குறிப்பையும் நுட்பமாகக் கவனிப்பவர். குழந்தையின் கண்ணோடு கண் பொருத்திப் பேசுபவர். நாள்தோறும் இருபது நிமிடம் படக்கதைப் புத்தகத்தை ஏற்ற இறக்கத்துடன் வாசித்துக் காட்டுபவர். சில நேரங்களில் புத்தகத்தை வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்து, அதைக் குழந்தைகளே திருத்தும்படி செய்வது இவருக்கே உரிய உத்தி.”

இதில் ஒன்று மட்டும் நடந்தது. புத்தகம் தலைகீழாக இருந்தது. வேண்டுமென்றே அல்ல.

டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது இரண்டு கண்களிலும் நடுப்பகுதி அவியத் தொடங்கியது. ஓரங்கள் மிச்சம் இருந்தன. அதனால் நடக்கலாம், படியேறலாம், மேசையில் இடித்துக்கொள்ளாமல் திரும்பலாம். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது. ஆனால் எதை நேராகப் பார்த்தாரோ அது காணாமல் போயிற்று. முகத்தைப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை, அதற்கு இருபக்கமும் இரண்டு காது. சின்ன எழுத்து அறவே போய்விட்டது. ஆளைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பார். சக ஆசிரியைகள் அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயரெடுப்பதில் ஒரு வசதி உண்டு: ஒருவரும் நெருங்கி வந்து எதையும் நீட்டி, இதைப் படியுங்கள் என்று சொல்வதில்லை.

கண் மருத்துவர், “இது திரும்பாதும்மா” என்றார். பணி விதி அதைவிடச் சுருக்கம்: பார்வை குறைந்தவர் மழலையர் வகுப்பில் இருக்கக் கூடாது. ஓய்வு பெற ஆறு வருடத்துக்குமேல் பாக்கி. அதற்கு முன் போனால் ஓய்வூதியம் கிடையாது. வீட்டுக்காரரோ லாரி கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கி, கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பவர். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“பயப்படாத. எனக்குக் கண்ணு இருக்கு, உனக்குக் காலு இருக்கு. ரெண்டையும் கூட்டினா ஒரு முழு ஆளு வருது. உத்தியோகமும் ஒண்ணுதானே?”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டா அப்ப யோசிக்கலாம். நான் அப்படித்தான் முப்பது வருஷம் லாரி ஓட்டினேன்.”

“அதான் படுத்திருக்கீங்க.”

இப்படி முடிவாயிற்று. வகுப்புப் பதிவேடுகளை மாலையில் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் நெஞ்சின்மேல் பலகை வைத்து எழுதுவார். வருடாந்திரக் கண் சோதனையில் டீச்சர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். முன்னால் இருபது பேர் அட்டையிலுள்ள எழுத்துகளை உரக்க வாசித்தார்கள். தன் முறை வந்தபோது அவர் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். நல்ல பார்வை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பள்ளி ஒரு தையல் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. டீச்சரின் அறையில் பதினெட்டுக் குழந்தைகள், எல்லாம் மூன்று நான்கு வயது. அம்மாக்கள் பகல் முழுக்க எந்திரச் சத்தத்தில் கிடந்துவிட்டு வருபவர்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் பேச அவர்களுக்குத் தெம்பிருக்காது. சாப்பிடு, தூங்கு, அடி வாங்குவே. பிள்ளைகள் இந்த மூன்று வார்த்தையோடும் ஒரு சுட்டுவிரலோடும் பள்ளிக்கு வந்து சேரும். வேண்டியதை விரல் காட்டும், மற்றதை அழுகை பார்த்துக்கொள்ளும். இத்தனை வருடமும் அந்த விரலைப் பார்த்து டீச்சரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது கை உயர்வது ஓரமாகத் தெரிந்தது. அது எதைக் காட்டுகிறது என்று தெரியவில்லை.

“ம்ம்.”

“ம்ம்னா என்னது? வாயால சொல்லு.”

“அது.”

“எது?”

“பாட்டில்.”

“இங்க பதினெட்டு பாட்டில் இருக்கு. எந்தப் பாட்டில்?”

“மூடி உடைஞ்ச பாட்டில். என்னோடது. கீழ விழுந்துடுச்சு, இவன்தான் தள்ளிவிட்டான்.”

“நான் இல்ல டீச்சர்! அதுவா உருண்டுச்சு!”

இப்படித்தான் தொடங்கியது. சுவரிலும் பொருள்களிலும் உள்ளங்கை உயரத்துக்கு எழுத்துகள் எழுதி ஒட்டினார். கதவு, தண்ணீர், செருப்பு. அந்த அளவுக்குக் குறைந்தால் ஓரக்கண்ணுக்கும் எட்டாது என்பதுதான் காரணம். பைகளில் பெயரைப் பெரிதாக எழுதினார். “இது யாரோட பை? படிச்சுச் சொல்லு” என்று ஒவ்வொரு மாலையும் கேட்டார். படிக்கத் தெரியாத பிள்ளைகள் முதலில் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். தப்பான பை தப்பான வீட்டுக்குப் போனது. அடுத்த நாள் அடிதடி நடந்தது. அடிக்குப் பயந்தே இரண்டு மாதத்தில் பாதிப் பேர் பெயர்களைப் பிரித்தறிந்தார்கள். கதைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “இந்தப் பக்கத்துல என்ன நடக்குது?” என்பார். முயல் ஓடுது. ஏன் ஓடுது? நரி வருது. நரியா, நாயா? இதில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். பன்னிரண்டு பக்கக் கதை முடிய நான்கு நாளாகும். டீச்சர் குறுக்கே பேசுவதில்லை. அவருக்குக் கதையே தெரியாது.

பெற்றோர் அவருக்கு ‘வாயால சொல்லு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான்காம் வருடப் பிள்ளைகளில் ஒருத்திக்கு ‘வக்கீல்’ என்று பெயர். நான்கு வயது. எல்லாருடைய வழக்கையும் தானே எடுத்து நடத்துவாள்.

“உங்களுக்குக் கண்ணு இல்லையா டீச்சர்? எல்லாத்தையும் எங்களையே கேக்கறீங்க?” என்று ஒருநாள் குறுக்கு விசாரணை செய்தாள்.

“இருக்கு. உனக்கு வாய் இருக்கான்னு பார்க்கறேன்” என்றார் டீச்சர்.

ஆட்களை எண்ணுவதும் குரலால்தான். மணிக்கொரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “இருக்கேன்” என்று பதினெட்டுக் குரல் வர வேண்டும். எந்தக் குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று வைத்து அந்த அறையை அவர் பார்த்தார்.

நான்காம் வருடம் மொழித் திட்ட அதிகாரி வந்தார். மாவட்டத்திலேயே இந்த அறைப் பிள்ளைகள்தான் அதிகச் சொற்கள் பேசுகிறார்கள் என்று கணக்கெடுப்பு சொன்னதாம். அந்தப் பெண் அதிகாரி வகுப்பின் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தார். டீச்சர் புத்தகத்தைத் தலைகீழாக விரித்தார். பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதிகாரி புன்னகையோடு அதையும் எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள்; பார்க்க வருகிறவர் சோற்றைப் புகழ்ந்தே தீருவது என்று வந்திருந்தால் அது அவ்வளவு கஷ்டமில்லை.

அதே மாதம் புதுப் பையன் ஒருவன் வந்தான். மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கும். பேச மாட்டான், அழ மாட்டான். ஒன்றும் வேண்டுமென்று விரல்கூடக் காட்டமாட்டான்.

“வீட்டுலயும் இப்படித்தான் டீச்சர். தொந்தரவே இல்லாத பிள்ளை” என்றாள் அவன் அம்மா, பெருமையாக.

டீச்சருக்கு அவனைத் தவிர வேறு தொந்தரவே இல்லை. சத்தம் இருக்கும் இடமெல்லாம் அவருக்குப் பகல். இவன் இருந்த இடம் மட்டும் இருட்டு.

“அவனை வேற அறைக்கு மாத்தச் சொல்லு” என்றார் வீட்டுக்காரர்.

“என்ன காரணம் சொல்றது? சத்தம் போடமாட்டேங்கறான்னா?”

அவன் செருப்பில் ஒரு சின்ன மணியைக் கட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் அம்மா அதை அவிழ்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “ஆடா மாடா டீச்சர் அவன்?” டீச்சர் மணியை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு வழக்கை வக்கீல் எடுத்துக்கொண்டாள். டீச்சர் அவன் பெயரைக் கூப்பிட்டதும், “அவனும் இருக்கான்” என்று இவள் குரல் கொடுப்பாள். டீச்சர் அந்தக் குரலை நம்பினார்.

கோடையில் ஒரு நாள், மதிய உறக்கத்துக்குப் பாய் எடுக்க டீச்சர் சாமான் அறைக்குப் போனார். தகரக் கூரை, சன்னல் இல்லாத அறை. பாய்களைச் சுமந்து வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பையன் அவர் பின்னாலேயே உள்ளே போய், மிச்சமிருந்த சுருட்டுப் பாய்களுக்கு இடையில் உட்கார்ந்திருந்தான். உறக்கம் கலைந்ததும் பெயர் கூப்பிட்டார். “இருக்கேன், இருக்கேன்” என்று குரல்கள் வந்தன. அவன் பெயர் வந்தபோது வக்கீல் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, கண்ணைத் திறக்காமல், “அவனும் இருக்கான்” என்றாள். அடுத்தடுத்த மணியிலும் விளையாட்டு மும்முரத்தில் அதையே சொன்னாள்.

ஐந்து மணிக்கு அம்மா வந்து கேட்ட பிறகுதான் தேடினார்கள். சாமான் அறைக் கதவைத் திறந்தபோது டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா போட்ட சத்தம்தான் கேட்டது. வெந்த துணிபோல் கிடந்தானாம். நான்கு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவன் கதவைத் தட்டவில்லை. மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்து பிழைத்தான். அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை.

விசாரிக்க வந்தவர் அதே அதிகாரி. டீச்சரை அவர் அதிகம் கேட்கவில்லை; டீச்சரைப் பற்றி அவர் எழுதிய பதினேழாம் பக்கம் அப்போது அச்சுக்கூடத்தில் இருந்தது. வக்கீலை மடியில் உட்கார வைத்து, “ஏன் கண்ணா பொய் சொன்னே?” என்று இனிமையாகக் கேட்டார். அறிக்கை வந்தது: ஆசிரியை விதிப்படி வருகையைச் சரிபார்த்தார், சக குழந்தை ஒன்றின் பொய்யான பதிலால் தவறு நேர்ந்தது. குழந்தையின் பதிவேட்டில், ‘பொய் சொல்லும் பழக்கம், கண்காணிக்கவும்’ என்று ஒரு வரி ஏறியது. அவளைப் பெற்றவள் மறுநாள் வந்து, “வாயிலயே ரெண்டு போட்டேன் டீச்சர். இனிமே பேசமாட்டா” என்று உறுதி கூறிவிட்டுப் போனாள்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார் வீட்டுக்காரர். தலைப்பாகை எது என்று டீச்சர் கேட்கவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. வக்கீல் பேசுவதை நிறுத்திவிட்டாள். பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை. கதைப் பக்கத்தில் முயலை யார் என்ன செய்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. பத்தாம் நாள் காலை டீச்சரின் புடவையை இழுத்தாள். கை உயர்வது ஓரமாகத் தெரிந்தது.

“என்னம்மா? வாயால சொல்லு.”

மறுபடி இழுத்தாள். டீச்சர் மண்டியிட்டு அவள் தோளைத் தொட்டார், முழங்கையைத் தொட்டார், விரல் நுனிவரை தடவிப் போனார். விரலுக்கு அப்பால் சாம்பல்தான் இருந்தது. “பாட்டிலா? பையா? யாராவது அடிச்சாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தபோது அவர் முழங்கால் ஈரமாயிற்று. கழிப்பறைக் கதவைத்தான் அவ்வளவு நேரமும் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் டீச்சர் வகுப்புக்குப் போகவில்லை. அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார்.

“அந்தப் பிள்ளை பேர்ல எழுதினதை எடுத்துடுங்க மேடம். அது பொய் சொல்லல, பழக்கத்துல சொல்லிடுச்சு. பார்க்க வேண்டியவ நான். எனக்குக் கண்ணு தெரியாது.”

“இந்த வயசுல யாருக்குத்தான் தெரியுது? கண்ணாடிய மாத்துங்க.”

“நீங்க உக்காந்திருக்கற இடத்துல எனக்கு ஒரு காதுதான் தெரியுது மேடம். இன்னொண்ணை முடி மறைச்சிருக்கு.”

அதிகாரியின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. “அப்ப கதைப் புத்தகம்? நீங்க வாசிச்சதை நானே பார்த்தேனே!”

“வாசிக்கல. கேட்டேன். அதுங்க சொல்லுச்சுங்க.”

அதிகாரி உண்மையான வேதனையோடு சொன்னார்: “கையேடு அச்சாகிடுச்சே டீச்சர்.”

உண்மையை மறைத்துப் பணியாற்றிய குற்றத்துக்காக, ஓய்வுக்கு இருபத்தாறு மாதம் இருக்கும்போது டீச்சரை நீக்கினார்கள். ஓய்வூதியமும் அதோடு போயிற்று. வீட்டுக்காரர் அன்று ஒன்றும் பேசவில்லை. பேசாத அவரை டீச்சர் அப்போதுதான் முதல்முறையாகக் கண்டார். மறுநாள், “பேசுங்களேன், எங்க இருக்கீங்கன்னே தெரியல” என்றதற்கு, “எங்க போகப்போறேன், கட்டில்லதான் இருக்கேன்” என்றார். வக்கீலின் பதிவேட்டிலிருந்து அந்த வரியை அடித்தார்கள். கையேட்டைத் திரும்பப் பெறுவது வீண்செலவு என்று விட்டுவிட்டார்கள். பல பள்ளிகளில் இன்றும் ஆசிரியைகள் புதன்கிழமைதோறும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அறைக்கு வந்த புது ஆசிரியைக்குக் கழுகுக் கண். எந்தப் பிள்ளை எங்கே விரல் நீட்டினாலும் கேட்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார். வக்கீலுக்குப் பேச வேண்டிய தேவை அந்த வருடம் முழுக்க ஏற்படவில்லை. வருடக் கடைசியில் வந்து பார்த்தவர்கள், அறையில் அமைதி கூடியிருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள்.

டீச்சர் நான்கு வருடத்துக்கு மேல் தன் கண் போனதை மறைத்தார். பேசாத ஒரு பையனை இருட்டறையில் வைத்துப் பூட்டினார். அறுபத்துச் சொச்சம் குழந்தைகளிடம் தனக்குத் தெரியாததைக் கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.